மூளைக்கு ஏறும் மலேரியா
(பண்ணை வானொலிப் பேச்சு)

இன்றைக்குப் பயிரைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ நான் பேசப்போவதில்லை. மலேரியாக் காய்ச்சல் முற்றி மூளையைத் தாக்குகிறதே, அதைப் பற்றிப் பேசப்போகிறேன். காலையில் காய்ச்சல் என்று படுத்த குழந்தை, மறுநாள் வலிப்பு கண்டு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத நிலைக்குப் போய்விடுகிறது. அந்தச் சமயத்தில் தலைக்குள்ளே என்னதான் நடக்கிறது? இதைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாகப் பாடுபட்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டில் பெரிய பங்கு, நம்மைப்போல மழையையும் மண்ணையும் நம்பிப் பிழைக்கிற மலாவி என்கிற ஆப்பிரிக்க நாட்டில் நடந்தது. அதை நீங்கள் தெரிந்துகொண்டால், காய்ச்சல்காரரை எவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது தானாக விளங்கிவிடும்.

எந்த மலேரியா?

குளிர்காய்ச்சல், முறைக்காய்ச்சல் என்று நாம் சொல்வதுதான் மலேரியா. அனாபிலஸ் என்னும் கொசு கடிப்பதால் வருகிறது. இந்தக் கிருமியில் பல வகை உண்டு. நம் நாட்டில் அதிகம் காண்பது ரெண்டு வகை. ஒன்று வைவாக்ஸ், இன்னொன்று ஃபால்சிபாரம். வைவாக்ஸ் ஆளை வாட்டி எடுக்கும். சில பேருக்குக் கடுமையாகவும் ஆகும். ஆனால் மூளையைத் தாக்கி உயிரைக் குடிப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம்தான்.

2023-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் மலேரியாவால் சுமார் 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இவர்களில் 100-க்கு 95 பேர் ஆப்பிரிக்காவில் இறந்தவர்கள். அங்கே இறந்தவர்களிலும் முக்கால்வாசிப் பேர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

வாய்க்காலில் அடைப்பு

கொசு கடித்ததும் கிருமி முதலில் ஈரலுக்குப் போகிறது. அங்கே பெருகி, பிறகு ரத்தத்தில் இருக்கிற சிவப்பணுக்களுக்குள் புகுந்துகொள்கிறது. சிவப்பணுவைத் தின்று வளர்ந்து, ரெண்டு நாளில் அதை வெடித்துக்கொண்டு பல குஞ்சுகளாக வெளியே வருகிறது. ஒவ்வொரு குஞ்சும் இன்னொரு சிவப்பணுவைத் தேடிப் போகிறது.

1890-களில் இத்தாலி நாட்டு ரோமாபுரியில் மார்கியாஃபாவா, பின்யாமி என்ற ரெண்டு டாக்டர்கள் மலேரியாவில் இறந்தவர்களின் மூளையைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். தலைமயிரைவிட மெல்லிய ரத்தக் குழாய்களில் எல்லாம் கிருமி பிடித்த சிவப்பணுக்கள் அடைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டார்கள். கடைமடை வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? தண்ணீர் போகாது, பயிர் வாடும். மூளைக்கும் அதுதான் கதி. ரத்தம் போகாவிட்டால் மூச்சுக் காற்றும் போகாது, சர்க்கரைச் சத்தும் போகாது.

"அது சரிங்க, ரத்தத்திலே ஓடுகிற அணு ஏன் குழாயிலே ஒட்டணும்?" என்று கேட்பீர்கள். நம் வயிற்றின் இடப்பக்கத்தில் மண்ணீரல் என்று ஒரு உறுப்பு இருக்கிறது. அது களத்துமேட்டுச் சல்லடை மாதிரி. கெட்டுப்போன சிவப்பணுக்களைச் சலித்து எடுத்துவிடும். அந்தச் சல்லடையில் மாட்டாமல் தப்பத்தான் கிருமி ஒரு தந்திரம் செய்கிறது. பாதி வளர்ந்ததும், தான் குடியிருக்கிற சிவப்பணுவின் மேலே நாயுருவி முள் மாதிரி சிறு முடிச்சுகளை உண்டாக்குகிறது. அவற்றைக் கொண்டு ரத்தக் குழாயின் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடாமல் நின்றுவிடுகிறது.

இதனால் இன்னொரு சங்கடமும் உண்டு. விரலில் குத்தி எடுக்கிற ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிற இளம் கிருமிகள்தாம் அகப்படும். மூளையில் ஒட்டிக்கொண்டு நிற்பவை அதில் வராது. ஆகையால் "ரத்தத்தில் கிருமி கொஞ்சம்தான் இருக்கிறது" என்று கேட்டதும் மனசைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது.

2013-ஆம் ஆண்டில் மேலும் ஒரு விஷயம் வெளியாயிற்று. குழந்தைகளைக் கடுமையாகத் தாக்குகிற கிருமி, குழாய்ச் சுவரில் எதைப் பிடித்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ரத்தம் உறையாமலும் குழாய் கசியாமலும் காப்பதற்காக அந்தச் சுவரில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. கிருமி போய்ப் பிடிப்பது அந்த ஏற்பாட்டையேதான். காவல்காரன் கையைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடுகிற மாதிரி. அதனால்தான் மூளையில் அடைப்போடு கசிவும் வீக்கமும் வருகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

மலாவி நாட்டில் ஒரு ஆஸ்பத்திரி

மலாவி, ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் உள்ள சின்ன நாடு. ஜனங்களில் பெரும்பாலோர் விவசாயிகள். மக்காச்சோளம்தான் அவர்கள் சாப்பாடு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். மழை பெய்தால் சோளம் முளைக்கும், கொசுவும் முளைக்கும். அந்தப் பக்கத்து அனாபிலஸ் கொசுவுக்குக் குளம் குட்டை வேண்டியதில்லை. மாட்டின் குளம்படியில் தேங்கிய தண்ணீர் போதும், முட்டையிட்டுவிடும். உழவு வேலை மும்முரமாக இருக்கிற அதே மாதங்களில்தான் குழந்தைகளுக்கும் காய்ச்சல் மும்முரம்.

அங்கே பிளான்டையர் நகரத்தில் குயீன் எலிசபெத் மத்திய ஆஸ்பத்திரி இருக்கிறது. இங்கிலாந்து டாக்டர் மால்கம் மாலினியூ, அமெரிக்க டாக்டரம்மா டெரி டெய்லர், மலாவி நாட்டு டாக்டர்கள், நர்ஸுகள் எல்லோரும் சேர்ந்து 1980-களிலிருந்து அங்கே ஆராய்ச்சி நடத்தினார்கள்.

முதலில் குழந்தையின் நினைவு எவ்வளவு போயிருக்கிறது என்று அளக்க ஒரு அளவுகோல் வேண்டியிருந்தது. பேசத் தெரியாத குழந்தையிடம் "உன் பேர் என்ன?" என்று கேட்க முடியுமா? ஆகவே மூன்று விஷயங்களைப் பார்த்தார்கள். தாயின் முகத்தைக் கண் பின்தொடர்கிறதா? நகத்தை அழுத்தினால் கையை இழுத்துக்கொள்கிறதா? வலித்தால் சரியாக அழுகிறதா, வெறுமனே முனகுகிறதா? இவற்றுக்கு 5 வரை மார்க்கு. ரெண்டும் அதற்குக் கீழும் வந்தால் ஆழ்ந்த மயக்கம். 1989-ல் வெளியான இந்த முறைக்கு பிளான்டையர் அளவுகோல் என்றே பேர் வந்துவிட்டது. எந்தக் கருவியும் தேவையில்லாத அளவுகோல் இது.

கண்ணுக்குள் தெரிந்த அடையாளம்

எவ்வளவு பாடுபட்டும் சில குழந்தைகள் இறந்துகொண்டே இருந்தன. காரணம் தெரிய வேண்டுமானால் இறந்த உடலைப் பரிசோதிக்க வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்து நிற்கிற தாய் தகப்பனிடம் அதைப் போய்க் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சில பெற்றோர்கள் சம்மதித்தார்கள். நம் பிள்ளை போனாலும் நாலு பிள்ளை பிழைக்க வழி பிறக்குமே என்பதற்காகத்தான் அந்தச் சம்மதம் கேட்கப்பட்டது. இன்றைக்கு நாம் பேசுகிற விஷயங்களில் பாதி அவர்கள் கொடுத்த கொடை.

மூளை மலேரியா என்று வைத்தியம் பார்க்கப்பட்டு இறந்த 31 குழந்தைகளின் பரிசோதனை முடிவு 2004-ல் வெளிவந்தது. அதில் 7 குழந்தைகள் சாவுக்குக் காரணம் மலேரியாவே அல்ல, வேறு நோய்! ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்தது உண்மை. ஆனால் கொன்றது அது இல்லை. மலேரியா மிகுந்த ஊரில் நல்ல குழந்தையின் ரத்தத்திலும் கிருமி இருக்கலாம் அல்லவா? அது கண்ணை மறைத்துவிட்டது.

அப்படியானால் உண்மையான மூளை மலேரியாவை உயிரோடு இருக்கும்போதே பிரித்தறிவது எப்படி? அதற்குத்தான் கண் கை கொடுத்தது. கண்ணின் உட்புறத்தில் இருக்கிற விழித்திரை, மூளையோடு சேர்ந்த சதை. கையடக்கமான ஒரு விளக்குக் கருவியால் கண்மணி வழியே உள்ளே பார்க்கலாம். மூளை மலேரியா என்றால் அங்கே வெள்ளைத் திட்டுகள் தெரியும், ரத்தக் குழாய்கள் நிறம் வெளுத்திருக்கும், நடுவில் வெள்ளையாக உள்ள ரத்தப் பொட்டுகள் தெரியும். மூளைக்குள்ளே என்ன அடைப்போ, அதே அடைப்பின் சாயல்தான் கண்ணுக்குள்ளும் தெரிகிறது. பிரேதப் பரிசோதனையோடு ஒப்பிட்டபோது, மலேரியா மயக்கத்தையும் மற்ற மயக்கத்தையும் சரியாகப் பிரித்துக் காட்டியது இந்த அடையாளம்தான்.

படம் பிடித்துப் பார்த்தபோது

அடைப்பு இருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் அடைப்பு இருந்த குழந்தைகளில் பல பிழைத்து எழுந்து ஓடுகின்றன, சில இறக்கின்றன. வித்தியாசம் எங்கே?

2008-ல் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு எம்.ஆர்.ஐ. கருவி வந்தது. காந்த சக்தியால் உடம்பின் உள்ளே படம் பிடிக்கிற கருவி அது. 2009-லிருந்து 2011 வரை, கண்ணில் அந்த அடையாளம் இருந்த 168 குழந்தைகளை அதில் வைத்துப் படம் பிடித்தார்கள். 2015-ல் முடிவு வெளியாயிற்று. கணக்கைக் கேளுங்கள்.

வந்து சேர்ந்தபோதே மூளை கடுமையாக வீங்கியிருந்த குழந்தைகள் 60. அவர்களில் 21 பேர் இறந்தார்கள். அப்படி வீங்காத குழந்தைகள் 108. அவர்களில் இறந்தது 4 பேர்தான்.

ஆக, சாவுக்கு முக்கிய வழி வீக்கம். ஒரு செம்பு நிறைய மொச்சையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? மொச்சை ஊறிப் பருக்கும், செம்பு பருக்காது. மண்டையோடும் அப்படித்தான். வீங்கின மூளைக்கு விரிய இடமில்லை. கீழே பிடரிப் பக்கம் ஒரு துவாரம் இருக்கிறது. அந்தப் பக்கமாக நெருக்கிக்கொண்டு இறங்குகிறது. மூச்சை நடத்துகிற மூளைத்தண்டு இருப்பது அங்கேதான். அது நசுங்கினால் மூச்சு நின்றுவிடும்.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. வீக்கத்தோடு வந்து பிழைத்த 39 குழந்தைகள் இருக்கிறார்களே, அவர்களுக்குத் திரும்பத் திரும்பப் படம் எடுத்தபோது வீக்கம் வடிந்துகொண்டு வந்தது. அதாவது, வீங்கிய மூளை அழிந்துபோன மூளை அல்ல. மூச்சு நிற்காமல் அந்த நெருக்கடியைத் தாண்டிவிட்டால் குழந்தை மீளலாம்.

நம் நாட்டிலும் ஒடிசா மாநிலம் ரூர்கேலாவில் உள்ள இஸ்பாத் பொது ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. வைத்து இதே ஆராய்ச்சி நடந்தது. சுற்றிலும் காடும் மலையும் ஃபால்சிபாரமும் உள்ள பகுதி அது. அங்கே பெரியவர்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். குழந்தைகளுக்கு வீக்கம் எமனாக நிற்க, இறந்த பெரியவர்களின் மூளையில் மூச்சுக் காற்று கிடைக்காமல் வாடிய அடையாளமே மிகுதியாகத் தெரிந்தது. ஒரே கிருமிதான். ஆனால் வயதுக்குத் தக்கபடி கொல்லும் வழி வேறு.

சோதனைத் திடல் சொன்ன பாடம்

"வீக்கம்தானே, அதை வடிக்க மருந்து கொடுத்தால் போச்சு" என்று யாருக்கும் தோன்றும். டாக்டர்களுக்கும் தோன்றியது. புது விதையோ புது உரமோ வந்தால் நாம் என்ன செய்கிறோம்? பாதி வயலில் போட்டு, பாதி வயலில் போடாமல் விட்டு, ரெண்டையும் அறுத்து எடை போட்டுப் பார்க்கிறோம். வைத்தியத்திலும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

வீக்கம் குறைக்கிற டெக்சாமெதசோன் என்ற மருந்தைத் தாய்லாந்தில் 100 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 1982-ல் முடிவு வந்தது. மருந்து கொடுத்தவர்களுக்கு மயக்கம் தெளிய அதிக நேரமாயிற்று, வேறு தொல்லைகளும் கூடின. மேனிட்டால் என்று நீரை இழுக்கிற மருந்து ஒன்று உண்டு. ரூர்கேலாவில் பெரியவர்களிடம் சோதித்து 2011-ல் சொன்னார்கள், அதிலும் மயக்கம் நீண்டதே தவிர லாபமில்லை. கென்யா நாட்டில் கிலிஃபி என்ற ஊரில் 340 குழந்தைகளிடம் வலிப்பை முன்கூட்டியே தடுக்க ஃபீனோபார்பிட்டால் கொடுத்துப் பார்த்தார்கள். 2000-ல் முடிவு வந்தது. வலிப்பு குறைந்தது உண்மை. ஆனால் மருந்து கொடுத்த 170 பேரில் 30 பேர் இறந்தார்கள். கொடுக்காத 170 பேரில் இறந்தது 14 பேர்தான். அந்த மருந்து வலிப்போடு மூச்சையும் அமுக்குகிறது.

நியாயமாகத் தோன்றுகிற மருந்தே ஆளைக் கொல்லலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அனுபவப்பட்ட டாக்டர்களே ஏமாந்த இடத்தில், கடையில் கேட்டு வாங்குகிற மாத்திரையும் ஊசியும் நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசித்துப் பாருங்கள்.

பலன் கொடுத்த மருந்தும் சோதனைத் திடலில்தான் ஜெயித்தது. நம் மரிக்கொழுந்துக்குப் பங்காளியான ஒரு சீனத்துச் செடியிலிருந்து எடுத்த சத்தைக் கொண்டு செய்வது ஆர்டிசுனேட் ஊசி. பழைய கொய்னாவோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இந்தியா உட்பட 4 ஆசிய நாடுகளில் 1,461 பேரை வைத்துச் சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள். கொய்னா கொடுத்தவர்களில் 100-க்கு 22 பேர் இறந்தார்கள், ஆர்டிசுனேட் கொடுத்தவர்களில் 15 பேர். பிறகு 9 ஆப்பிரிக்க நாடுகளில் 5,425 குழந்தைகளிடம் சோதித்து 2010-ல் சொன்னார்கள், அங்கேயும் சாவு குறைந்தது. இன்றைக்குக் கடுமையான மலேரியாவுக்கு உலகெங்கும் முதல் மருந்து இதுதான். அதற்காக மரிக்கொழுந்தைக் கசக்கிக் குடிக்க வேண்டாம். அதில் அந்தச் சத்து கிடையாது.

பிழைத்த பிறகு

ஊசி கிருமியைக் கொல்லும். ஆனால் மூளை பட்டினி கிடந்த நேரத்தைத் திருப்பிக் கொடுக்காது. உகாண்டா நாட்டு கம்பாலாவில், மூளை மலேரியாவில் பிழைத்த 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளை ரெண்டு வருஷம் கழித்துப் பரிசோதித்தார்கள். நாலில் ஒரு பிள்ளைக்குக் கவனிப்பிலோ நினைவிலோ கற்பதிலோ குறை இருந்ததாக 2008-ல் அறிவித்தார்கள். பிளான்டையரில் பிழைத்த 132 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில் 12 பேருக்குப் பின்னால் காக்காய்வலிப்பு வந்தது. ஒப்பிடுவதற்காகப் பார்த்த 264 குழந்தைகளில் ஒருவருக்கும் வரவில்லை. இது 2010-ல் வெளிவந்த கணக்கு.

ஆகவே, அப்படிப் பிழைத்த பிள்ளை பள்ளிக்கூடத்தில் பின்தங்கினால் "மக்கு" என்று அடிக்காதீர்கள். சில நேரம் விழித்தபடியே வெறித்துப் பார்த்து நின்றால் பேய் பிசாசு என்று மந்திரிக்கப் போகாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். வலிப்புக்கு மருந்து இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் ஃபால்சிபாரம் குறைவுதான். ஆனால் வேலைக்கு ஒடிசா, சத்தீஸ்கர், வடகிழக்கு மாநிலங்கள், ஆப்பிரிக்க நாடுகள் என்று நம் பிள்ளைகள் போய்வருகிறார்கள். அந்தப் பக்கத்து ஆட்களும் இங்கே வேலைக்கு வருகிறார்கள். அப்படிப் போய்வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் முதல் பேச்சாக எந்த ஊருக்குப் போனார், எப்போது திரும்பினார் என்பதைச் சொல்லுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

காய்ச்சல்காரர் பிதற்றினாலோ, எழுப்பினால் சரியாக விழிக்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, விடியட்டும் என்று பார்க்காதீர்கள். ராத்திரியானாலும் வண்டி பிடித்து, படுக்கை வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். போகும்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மயக்கத்தில் இருக்கிறவர் வாயில் பால், கஞ்சி, கஷாயம், மாத்திரை எதையும் ஊற்றவும் வேண்டாம், திணிக்கவும் வேண்டாம். மூச்சுக்குழலில் இறங்கிவிடும். வலிப்பின்போது பல்லிடுக்கில் கரண்டியைக் கொடுப்பதும், கையில் சாவியைத் திணிப்பதும் வேண்டாம்.

சாதாரண மலேரியா என்று மாத்திரை கொடுத்தால், காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல் கொடுத்தது அத்தனையும் தீரும்வரை சாப்பிடுங்கள். வெளியூரில் காட்டுப்பக்கம் தங்குகிறவர்கள் கொசுவலை இல்லாமல் படுக்கக் கூடாது.

மலாவியில் 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் குழந்தைகளுக்கு மலேரியாத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். உலகத்திலேயே முதலில் இப்படி ஆரம்பித்தது அந்த நாடுதான். ஆனால் தடுப்பூசியும் நோயை முழுக்கத் தடுத்துவிடாது. கிருமி குழாயில் ஒட்டுவதற்கும் மூளை வீங்குவதற்கும் நடுவில் இருப்பது கொஞ்ச நேரம்தான். அந்த நேரம் டாக்டர் கையில் இல்லை, வீட்டில் இருக்கிற நம் கையில் இருக்கிறது. இதை வீட்டில் உள்ள பெண்களுக்கும், வெளியூர் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கும் தவறாமல் சொல்லி வையுங்கள்.